தேசிய தினமும் சுதந்திர தினமும் ஒன்றுதானா?

ஆகஸ்ட் பிறந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும். இந்தியாவோடு சேர்ந்து இன்னும் ஐந்து நாடுகள் ஆகஸ்ட் 15 அன்று சுதந்திர தினம் கொண்டாடுகின்றன என்று சொல்லி, தென் கொரியா, வட கொரியா, பஹ்ரைன், காங்கோ, லிச்சென்ஸ்டைன் என்று கொடிப் படங்களோடு பட்டியல் போட்டிருப்பார்கள். வினாடி வினாக்களிலும் இது அப்படியே கேள்வியாக வந்துவிடுகிறது. பட்டியலில் உள்ள எல்லா நாடுகளுக்கும் அந்தத் தேதியோடு ஏதோ ஒரு தொடர்பு உண்டு, அதுவரை சரி. ஆனால் தன்னை ஆண்ட நாட்டிடமிருந்து விடுதலை பெற்ற நாள் என்பதற்காக ஆகஸ்ட் 15-ஐத் தேசிய தினமாகவே வைத்திருக்கும் நாடு அந்த ஐந்தில் ஒன்றுதான்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், 'தேசிய தினம்' என்றாலே 'சுதந்திர தினம்' என்று நாம் எடுத்துக்கொள்வது. நாம் அடிமைப்பட்டிருந்து விடுபட்ட நாட்டில் வளர்ந்தவர்கள் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. உலகம் முழுக்க அப்படி இல்லை. ஒரு தேதி எப்படி ஒரு நாட்டின் நாளாகிறது என்று தெரிந்துகொண்டால், பட்டியல் பட்டியலாக வரும் செய்திகளை நாமே சரிபார்த்துவிடலாம்.

நாட்டுக்கும் சர்டிபிகேட் பிறந்தநாள் உண்டு

நம் வீடுகளில் வயதானவர்கள் பலருக்கு இரண்டு பிறந்தநாள் இருக்கும். பிறந்தது கார்த்திகையில், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதிக்கொண்டது ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதி. வீட்டில் நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் அர்ச்சனை செய்வார்கள். ஆதார், பாஸ்போர்ட், ஓய்வூதியம் எல்லாம் சர்டிபிகேட் தேதியில் ஓடும். இரண்டில் எது உண்மை என்று கேட்டால், பிறந்தது ஒரு நாள், பதிவானது ஒரு நாள், இரண்டும் அவருடையவைதான் என்போம்.

நாடுகளும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு நாடு உருவாவது ஒரே நாளில் நடந்து முடிகிற காரியம் இல்லை. போராட்டம் தொடங்கிய நாள், ஆட்சி கைமாறிய நாள், அரசியலமைப்பு எழுதி முடித்த நாள், மன்னர் போய்க் குடியரசு வந்த நாள் என்று வரிசையாகப் பல நாட்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து, "இதுதான் எங்கள் நாள்" என்று பிற்பாடு ஓர் அரசு பதிவு செய்கிறது. அந்தப் பதிவுதான் தேசிய தினம்.

மூன்று சொற்களை மட்டும் பிரித்து வைத்துக்கொள்வோம். தேசிய தினம் என்பது ஒரு நாடு தன்னுடைய நாள் என்று தானே தேர்ந்துகொண்ட தேதி. சுதந்திர தினம் என்பது வேறொரு நாட்டின் ஆட்சி முடிந்ததை, அல்லது முடிந்தது என்று அறிவித்ததை நினைவுகூரும் நாள். குடியரசு தினம் என்பது மன்னரை அரசின் தலைவராகக் கொண்ட நிலை மாறி, மக்களின் பிரதிநிதி ஒருவர் தலைவரான முறை தொடங்கிய நாள். பின்னிரண்டில் ஒன்று தேசிய தினமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இந்தத் தேதிக்கு ஐக்கிய நாடுகள் சபையோ வேறு யாருமோ அனுமதி தருவதில்லை. அந்தந்த நாடே முடிவு செய்கிறது. மற்ற நாட்டுத் தலைவர்கள் வாழ்த்துச் செய்தி அனுப்புவதும், வெளிநாடுகளில் உள்ள அந்த நாட்டுத் தூதரகங்கள் வரவேற்பு விருந்து வைப்பதும் அந்தத் தேதியை ஒட்டித்தான். ஆகவே ஒரு நாட்டுக்கு எது தேசிய தினம் என்று சந்தேகம் வந்தால், அதன் தூதரகம் எந்த நாளில் விருந்து வைக்கிறது என்று பார்ப்பதுதான் நேரான வழி.

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம்

இந்தியத் தூதரகங்கள் தேசிய தின வரவேற்பு வைப்பது ஜனவரி 26-ஐ ஒட்டி. பலருக்கு இது புதிதாக இருக்கும். உள்நாட்டில் ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூன்றுமே தேசிய விடுமுறைகள். ஆனால் வெளியுலகுக்கு இந்தியாவின் நாள் குடியரசு தினம்தான்.

1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா விடுதலை அடைந்தபோது அது குடியரசாகிவிடவில்லை. டொமினியன் என்ற நிலையில் இருந்தது. தன் நாட்டைத் தானே ஆளும், ஆனால் பெயரளவில் பிரிட்டிஷ் மன்னர்தான் தலைவர் என்ற ஏற்பாடு அது. அதனால்தான் விடுதலைக்குப் பிறகும் நமக்கு கவர்னர் ஜெனரல் இருந்தார். முதலில் மவுண்ட்பேட்டன், 1948 ஜூனிலிருந்து ராஜாஜி. 1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் அந்தப் பதவியே இல்லாமல் போனது, ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார்.

சரி, ஏன் ஜனவரி 26? அரசியலமைப்பை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26 அன்று. அன்றே நடைமுறைப்படுத்தியிருக்கலாம். இரண்டு மாதம் காத்திருந்ததற்குக் காரணம், அந்தத் தேதிக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு இருந்ததுதான். 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் மாநாட்டில் 'பூரண சுயராஜ்யம்' என்று தீர்மானம் போட்டார்கள். 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் கொடியேற்றி உறுதிமொழி எடுத்தார்கள். அப்போதிலிருந்து ஆண்டுதோறும் அதைத்தான் சுதந்திர தினமாகக் காங்கிரஸ் கொண்டாடி வந்தது. விடுதலை ஆகஸ்டில் வந்துவிட்டதால், மக்கள் மனத்தில் ஊறிய ஜனவரி 26 அநாதையாக நின்றுவிடக் கூடாது என்று அதற்குக் குடியரசு தினம் என்ற இடத்தைக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 15-க்கும் ஒரு பின்கதை உண்டு. அதைத் தேர்ந்தவர் மவுண்ட்பேட்டன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்ததாக அறிவித்தது 1945 ஆகஸ்ட் 15. தென்கிழக்கு ஆசியாவில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர் என்பதால் அந்தத் தேதி அவருக்கு முக்கியமாகப் பட்டது. ஆக, நம் இரண்டு பெருநாட்களில் ஒன்றை நாம் தேர்ந்தெடுத்தோம், மற்றது நமக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே ஜனவரி 26-தான் தேசிய தினம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒரு சம்பவம் நடக்கிறது. அதன் தேதி மக்கள் நினைவில் தங்குகிறது. பிறகு ஓர் அரசு அதைத் தேர்ந்து சட்டமாகவோ அறிவிப்பாகவோ பதிவு செய்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவே பல ஆண்டுகள், சில நேரம் நூற்றாண்டுகள்கூட இருக்கலாம்.

ஆகஸ்ட் 15 பட்டியலைப் பிரித்துப் பார்த்தால்

காங்கோவில் இருந்து தொடங்கலாம். காங்கோ என்ற பெயரில் அக்கம்பக்கமாக இரண்டு நாடுகள் இருக்கின்றன. பட்டியலில் வருவது பிராஸவில்லைத் தலைநகராகக் கொண்ட காங்கோ குடியரசு. அது 1960 ஆகஸ்ட் 15 அன்று பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது, அதுவே அதன் தேசிய தினம். இது முழுக்கச் சரி. கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட பெரிய காங்கோவுக்கு ஜூன் 30, அது பெல்ஜியத்திடமிருந்து பெற்றது.

கொரியாவுக்கு ஆகஸ்ட் 15 என்பது 1945-இல் ஜப்பானின் ஆட்சி முடிந்த நாள். வடக்கும் தெற்கும் சேர்ந்து நினைவுகூரும் நாள் அது. ஆனால் இன்றைக்கு இருக்கும் இரண்டு அரசுகளும் 1948-இல்தான் அமைந்தன. தெற்கில் ஆகஸ்ட் 15 அன்று, வடக்கில் செப்டம்பர் 9 அன்று. வட கொரியா தன் அரசு அமைந்த அந்த செப்டம்பர் 9-ஐத்தான் தேசிய தினமாக வைத்திருக்கிறது. தென் கொரியத் தூதரகங்கள் விருந்து வைப்பதோ அக்டோபர் 3-ஐ ஒட்டி. அது கொரியர்களின் மூதாதை அரசர் தங்குன் கிமு 2333-இல் முதல் நாட்டை நிறுவியதாகச் சொல்லும் தொன்மத்தின் நாள்.

பஹ்ரைன் பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்து விடுபட்டதாக அறிவித்தது 1971 ஆகஸ்ட் 15. ஆனால் அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், தேசிய தினம் டிசம்பர் 16 என்றுதான் சொல்வார்கள். அது முன்னாள் அமீர் ஈசா பின் சல்மான் பதவியேற்ற நாள்.

கடைசியாக லிச்சென்ஸ்டைன். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையில் உள்ள குட்டி நாடு. அங்கே ஆகஸ்ட் 15 தேசிய தினம்தான், ஆனால் விடுதலைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்று மாதா விண்ணேற்புத் திருநாள், கத்தோலிக்க நாடான அங்கே ஏற்கெனவே விடுமுறை. அப்போதைய இளவரசர் இரண்டாம் பிரான்ஸ் ஜோசப்பின் பிறந்தநாள் ஆகஸ்ட் 16. இரண்டையும் சேர்த்து 1940-இல் அதைத் தேசிய தினமாக்கினார்கள்.

விடுதலை தவிர வேறு என்ன காரணங்கள்?

காலனியாக இருந்த நாடுகளுக்குப் பெரும்பாலும் விடுதலை நாளே தேசிய தினம். இலங்கைக்கு 1948-ஐ ஒட்டி பிப்ரவரி 4, கானாவுக்கு 1957-ஐ ஒட்டி மார்ச் 6. மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகராகுவா, கோஸ்டா ரிகா ஐந்தும் 1821 செப்டம்பர் 15-ஐச் சேர்ந்தே கொண்டாடுகின்றன. ஸ்பெயினிடமிருந்து ஒரே அறிவிப்பில் விலகியவை அவை.

யாரிடமும் அடிமைப்படாத, அல்லது எப்போது நாடானோம் என்று சுட்டிக்காட்ட முடியாத அளவுக்குப் பழைய நாடுகளுக்கு வேறு வழிதான். நார்வேக்கு மே 17. 1814-இல் எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் அரசியலமைப்பில் கையெழுத்திட்ட நாள் அது. ஸ்வீடனோடு இருந்த இணைப்பிலிருந்து நார்வே பிரிந்ததோ 1905 ஜூன் 7 அன்று. விலகிய நாளை விட்டுவிட்டு, தங்களுக்கென்று சட்டம் எழுதிய நாளை வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஊர்வலத்தில் முன்னே நடப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். பள்ளி வாரியாக, பேண்ட் வாசித்துக்கொண்டு, கையில் சின்னக் கொடியோடு ஆஸ்லோ அரண்மனை முன்னால் போவார்கள். அரச குடும்பம் பால்கனியில் நின்று மணிக்கணக்காகக் கையசைக்கும். தேசிய தினம் என்றால் பீரங்கியும் அணிவகுப்பும்தான் என்று பழகிய கண்ணுக்கு அது தனி அழகு.

பிரான்சின் ஜூலை 14 என்றதும் எல்லோரும் 1789-இல் பாஸ்டில் சிறை தகர்க்கப்பட்டதைச் சொல்வார்கள். அன்றைக்கு அங்கே இருந்த கைதிகள் ஏழே பேர் என்பது பலர் சொல்லும் துணுக்கு. சொல்லாமல் விடுவது இதை: அந்தத் தேதி தேசிய விழாவானது 1880-இல் வந்த சட்டத்தால்தான். அந்தச் சட்டத்தில் ஆண்டு எதுவும் இல்லை, ஜூலை 14 என்று மட்டும்தான் இருக்கிறது. 1789-இல் ரத்தம் சிந்தியது சிலருக்கு உறுத்தியது. அதற்குச் சரியாக ஓராண்டு கழித்து 1790 ஜூலை 14 அன்று பாரிசில் மன்னரும் மக்களும் சேர்ந்து ஒற்றுமை விழா நடத்தியிருந்தார்கள். எது வேண்டுமோ அதை அவரவர் நினைத்துக்கொள்ளலாம் என்ற வகையில் ஆண்டு விடப்பட்டதால் இரு தரப்பும் அந்தத் தேதிக்குள் அடங்கிக்கொண்டது.

ஜெர்மனியின் கதை இன்னும் கனமானது. பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. உலகமே தொலைக்காட்சியில் பார்த்த நாள், தேசிய தினத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதே நவம்பர் 9-இல்தான் 1938-இல் நாஜிகள் யூதர்களின் தொழுகைக் கூடங்களை எரித்தார்கள், கடைகளை உடைத்தார்கள், மனிதர்களைக் கொன்றார்கள். 1923-இல் ஹிட்லர் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றதும் இந்தத் தேதியை ஒட்டித்தான். அந்த நாளில் கொடியசைத்துக் கொண்டாட முடியாது. எனவே கிழக்கும் மேற்கும் சட்டப்படி ஒன்றிணைந்த 1990 அக்டோபர் 3 தேசிய தினமானது. பார்க்க வெறும் நிர்வாகத் தேதி போல் இருக்கும். ஆனால் மகிழ்ச்சியான நாளை ஒதுக்கிவைத்ததில் ஒரு நாட்டின் மனசாட்சி தெரிகிறது. நான் படித்த தேசிய தினக் கதைகளில் இதைத்தான் மிக உயர்வாக நினைக்கிறேன்.

இன்னும் சில வகைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். அயர்லாந்துக்குப் புனிதர் பேட்ரிக்கின் நாளான மார்ச் 17. போர்ச்சுகலுக்கு ஜூன் 10, கவிஞர் கமோயிஷ் இறந்த நாள். இத்தாலிக்கு ஜூன் 2, 1946-இல் மன்னராட்சி வேண்டுமா குடியரசு வேண்டுமா என்று மக்கள் வாக்களித்த நாள். சிங்கப்பூருக்கு ஆகஸ்ட் 9, 1965-இல் மலேசியாவிலிருந்து பிரிந்த நாள்.

மன்னர் பிறந்தநாளும் வெயிலும்

பிரிட்டனுக்குத் தேசிய தினம் என்று சட்டப்படி எதுவும் கிடையாது. உலகில் இத்தனை நாடுகளுக்கு விடுதலை நாள் கொடுத்த நாட்டுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. அதன் தூதரகங்கள் மன்னரின் பிறந்தநாளை ஒட்டி விருந்து வைக்கின்றன. மன்னர் சார்லஸ் பிறந்தது நவம்பர் 14, ஆனால் அதிகாரப்பூர்வப் பிறந்தநாள் அணிவகுப்பு லண்டனில் ஜூனில் நடக்கும். நவம்பர் மழையிலும் குளிரிலும் ஊர்வலம் நடத்த முடியாது என்பதுதான் காரணம். மேலே சொன்ன சர்டிபிகேட் பிறந்தநாள் மன்னருக்கே இருக்கிறது.

நெதர்லாந்தில் ஏப்ரல் 27, இப்போதைய மன்னர் வில்லம் அலெக்சாந்தரின் பிறந்தநாள். அவருக்கு முன் ஆண்ட அவருடைய தாயார் பெயாட்ரிக்ஸ் பிறந்தது ஜனவரி 31. நடுக்குளிரில் தெருவில் கடைபோட்டுக் கொண்டாட முடியாதே என்று, தன் தாயார் யூலியானாவின் பிறந்தநாளான ஏப்ரல் 30-ஐயே அவர் தொடர்ந்து வைத்துக்கொண்டார். ஜப்பானியத் தூதரகங்களும் பேரரசரின் பிறந்தநாளைத்தான் தேசிய தினமாகக் கொள்கின்றன. பேரரசர் மாறினால் தேதியும் மாறும். அகிஹிடோ காலத்தில் டிசம்பர் 23, இப்போது நருஹிடோவுக்கு பிப்ரவரி 23.

குவைத்தில் பிரச்சினை குளிர் இல்லை, வெயில். விடுதலை கிடைத்தது 1961 ஜூன் 19. பாலைவனத்து ஜூனில் பகலில் வெளியே நிற்கவே முடியாது. ஆகவே விடுதலைக் காலத்து அமீர் அப்துல்லா அல் சலீம் பதவியேற்ற பிப்ரவரி 25-க்கு விழாவை மாற்றிவிட்டார்கள். மறுநாள் பிப்ரவரி 26, 1991-இல் ஈராக்கியப் படை வெளியேறியதன் நினைவு நாள் என்பதால் இப்போது இரண்டும் சேர்ந்தே வருகின்றன. கத்தாரும் இப்படித்தான், விடுதலை செப்டம்பர் 3, தேசிய தினம் டிசம்பர் 18.

சுருக்கமாக: தேதி வரலாற்றிலிருந்து வந்தாலும், அதைத் தேர்ந்தெடுப்பதில் அரசியல், மதம், மன்னர் குடும்பம், பருவநிலை எல்லாம் கலந்திருக்கும்.

ஒரே நாட்டுக்குள் இரண்டு தேதி

மலேசியாவில் ஆகஸ்ட் 31 தேசிய தினம். 1957-இல் மலாயா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாள். ஆனால் அன்றைக்கு மலேசியா என்ற நாடே கிடையாது. சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16 அன்று. போர்னியோ தீவில் உள்ள சபா, சரவாக் மக்களுக்கு ஆகஸ்ட் 31, 1957 என்பது மலாயா தீபகற்பத்தின் கதை. இந்த மனக்குறை வெகுகாலம் இருந்தது. 2010-இல்தான் செப்டம்பர் 16 நாடு முழுவதற்கும் பொது விடுமுறையானது.

பாகிஸ்தானில் கதை இன்னும் சுற்றும். விடுதலைச் சட்டத்தில் இரண்டு நாடுகளுக்கும் சேர்த்து ஆகஸ்ட் 15 என்றுதான் எழுதியிருக்கிறது. அன்றைய வானொலி உரையில் ஜின்னாவும் ஆகஸ்ட் 15-ஐத்தான் பாகிஸ்தானின் பிறந்தநாள் என்றார். 1948 ஜூலையில் வெளிவந்த விடுதலை நினைவு அஞ்சல்தலைகளில் 1947 ஆகஸ்ட் 15 என்ற தேதியை இன்றும் பார்க்கலாம். ஆனால் மவுண்ட்பேட்டன் 15-ஆம் தேதி டெல்லியில் இருக்க வேண்டியிருந்ததால், கராச்சியில் ஆட்சி மாற்ற விழா முந்தைய நாளே நடந்தது. 1948-இலிருந்து 14-ஆம் தேதியே சுதந்திர தினம் என்று ஆகிவிட்டது. இதற்கும் மேல், பாகிஸ்தானின் தேசிய தினம் ஆகஸ்டிலேயே இல்லை. அது மார்ச் 23. 1940-இல் முஸ்லிம்களுக்குத் தனி நாடு கேட்ட லாகூர் தீர்மானம் முன்வைக்கப்பட்ட மாநாட்டின் நினைவு, 1956-இல் குடியரசானதும் அதே நாளில்.

தேதி மாறலாம், சண்டையும் வரலாம்

அரசு தேர்ந்தது என்பதால் அரசு மாற்றவும் முடியும். தாய்லாந்தில் 1932-இல் மன்னரின் முழு அதிகாரத்துக்கு முடிவு கட்டிய ஜூன் 24-தான் ஒரு காலத்தில் தேசிய தினம். 1960-இல் அதை நீக்கிவிட்டு மன்னர் பூமிபோலின் பிறந்தநாளான டிசம்பர் 5-ஐ வைத்தார்கள். அவர் 2016-இல் மறைந்த பிறகும் அதுவே தொடர்கிறது.

ஆஸ்திரேலியாவில் வாதம் இன்னும் ஓயவில்லை. அதன் தேசிய தினமும் ஜனவரி 26-தான். 1788-இல் பிரிட்டனிலிருந்து வந்த முதல் கப்பல் கூட்டம் சிட்னி துறையில் கொடி நாட்டிய நாள். அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு அது நிலம் பறிபோகத் தொடங்கிய நாள். 1938-இல், அதாவது 150-ஆம் ஆண்டு விழா நடந்தபோதே, சிட்னியில் பூர்வகுடித் தலைவர்கள் கூடி அதைத் துக்க நாளாக அறிவித்தார்கள். தேதியை மாற்றுங்கள் என்ற ஊர்வலங்கள் இன்றும் அந்த நாளில் நடக்கின்றன. அவர்கள் கேட்பது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு நாட்டின் நாள் என்றால், அங்கே முதலில் இருந்தவர்களும் அதில் நிற்க இடம் வேண்டும்.

இனி ஒரு தேதியை எப்படிச் சரிபார்ப்பது?

மூன்று கேள்வி போதும். அந்தத் தேதியில் உண்மையில் நடந்தது என்ன? அதைத் தேசிய நாளாக எப்போது, யார் அறிவித்தார்கள்? தூதரகம் வைத்துக்கொள்ளும் தேதியும் அதுவேதானா?

மெக்சிகோவை வைத்துச் செய்து பார்ப்போம். மே 5 அதன் சுதந்திர தினம் என்று அமெரிக்காவிலேயே பலர் நம்புகிறார்கள். அந்த நாளில் நடந்தது 1862-இல் பியூப்லா நகரில் பிரெஞ்சுப் படையை மெக்சிகோ வீரர்கள் தோற்கடித்த சண்டை. மெக்சிகோ விடுதலை பெற்றதோ அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பு, ஸ்பெயினிடமிருந்து. சரி, அந்த நாளா தேசிய தினம்? அதுவும் இல்லை. விடுதலைப் படை தலைநகருக்குள் நுழைந்தது 1821 செப்டம்பர் 27, கொண்டாடுவது செப்டம்பர் 16. 1810-இல் அந்த விடியலில்தான் டோலோரெஸ் என்ற சிற்றூரின் பாதிரியார் மிகேல் இதால்கோ கோயில் மணியை அடித்து மக்களைப் போராட அழைத்தார். மறு ஆண்டே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், விடுதலையை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் நாட்டின் நாள் அவருடைய நாள்தான். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 இரவு அதிபர் தேசிய மாளிகையின் பால்கனிக்கு வந்து, டோலோரெசிலிருந்து கொண்டுவந்து அங்கே தொங்கவிட்டிருக்கும் அதே மணியை அடிக்கிறார்.